மூத்த மாடும் புதிய வீடும்

'அடியாத மாடு படியாது' என்பது எம்மவர் மத்தியில் நெடுங்காலமாக வழங்கி வரும் பழமொழி. மாட்டுக்கு மட்டுமல்ல, பிள்ளைகளுக்கும் இதையே சொல்லி வந்திருக்கிறோம். பிள்ளைகள் விடயத்தில் இந்தப் பழமொழி பிழையானது என்பதை இன்று பலரும் ஏற்றுக்கொள்கின்றனர். மாட்டின் விடயத்திலும் அது பிழையானது என்பதே எமது கருத்து. குறிப்பாக, இன்னொருவர் வீட்டில் வளர்ந்து, வயது சென்ற பின் எமது வளவுக்கு வந்து சேரும் ஒரு பசுவையோ எருதையோ தடியால் படியவைக்க முடியாது. தடி அதைப் பயப்படுத்தும். பயந்த மாடு பால் சுரக்காது, நுகத்துக்கும் வராது. ஈற்றில் அது இறைச்சிக்குப் போகும். அதோடு ஒரு குடும்பத்தின் முதலும் போய்விடும்.

இது சிறிய விடயம் என்று யாரும் எண்ண வேண்டாம். இடம்பெயர்ந்து, மீண்டும் தொடங்கும் ஒரு குடும்பத்திற்கு ஒரு மாடு என்பது பால், எரு, உழவு, அவசரத்திற்கு விற்கக்கூடிய சேமிப்பு ஆகிய நான்கும் சேர்ந்த ஒன்று.

எப்படி வந்தன இந்த மாடுகள்?

1995 ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, மாடுகளின் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் புறப்பட்டவர்கள் பல்லாயிரம் பேர். 1996இல் கிளிநொச்சி மக்களும் அவ்வாறே புறப்பட்டனர். மன்னாரின் கிராமங்களில் தொடங்கி, 2009 மே மாதம் முல்லைத்தீவுக் கரையில் முடிந்த கடைசி இடப்பெயர்வில், மாட்டை அவிழ்த்துவிடவும் நேரம் கிடைக்காதவர்கள் உண்டு. பட்டி பட்டியாக நின்ற மாடுகள் காட்டோரங்களிலும் கைவிடப்பட்ட வயல்களிலும் கட்டாக்காலிகளாகத் திரிந்தன.

2012 செப்டெம்பரில் மெனிக் பாம் முகாம் மூடப்பட்டது. அதன் முன்னும் பின்னும் ஊர் திரும்பிய குடும்பங்களுக்கு மாடு வந்து சேர்ந்த வழிகள் மூன்று. ஒன்று, கட்டாக்காலியாய் நின்றதைப் பிடித்துக் கட்டியது. இரண்டு, வாழ்வாதார உதவியாகக் கிடைத்தது. மூன்று, கையில் இருந்த காசுக்கு ஏற்றபடி வாங்கியது. காசு குறைவு என்றால் கிடைப்பது வயது சென்ற மாடுதான். 2020இல் வடக்கில் பரவிய, தோலில் கட்டிகள் போடும் தொற்றுநோயிலும், 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த கடுங்குளிரிலும் மாடுகளை இழந்தவர்கள் மீண்டும் ஒருமுறை வாங்க நேர்ந்தது. அதே 2022இல் டீசல் இல்லாமல் உழவு யந்திரங்கள் நின்றபோது, எருதின் அருமையையும் நாம் அனைவரும் நினைத்துக்கொண்டோம்.

ஆக, இன்று எமது பல வளவுகளில் நிற்பது கன்றிலிருந்து நாமே வளர்த்த மாடு அல்ல. அதற்கு ஒரு பழைய வாழ்வு உண்டு. அதன் பழைய எசமான் யார், அவர் என்ன சொல்லி அழைத்தார், எதனால் அடித்தார் என்பது எமக்குத் தெரியாது. ஆனால் மாட்டுக்கு அது மறக்கவில்லை.

மனிதர் பழக்கம் விட்டுப்போனால் என்ன நடக்கும் என்பதற்கு நெடுந்தீவின் குதிரைகள் சாட்சி. ஐரோப்பியர் ஆட்சிக் காலத்தில் சேணமும் கடிவாளமும் பூண்டு நின்ற குதிரைகளின் வழிவந்தவை அவை. பராமரிப்பார் இல்லாமற் போனபின், தலைமுறை தலைமுறையாக வெளியில் ஈன்று, வெளியில் வளர்ந்து, இன்று மனிதரைக் கண்டால் விலகி ஓடும் கூட்டமாக நிற்கின்றன. பழக்கம் என்பது இரத்தத்தில் வருவதன்று. ஒவ்வொரு மிருகத்தோடும் புதிதாக உண்டாக்க வேண்டியது. எமது கட்டாக்காலி மாடுகள் ஓரிரு ஈற்றுக்குள் அந்த வழியில் பாதித் தூரம் போய்விட்டன. ஆனால் திரும்பி வர முடியாத தூரம் அல்ல அது.

மிருகம் எம்மைப் படிக்கிறது

நூறு ஆண்டுகளுக்கு முன் ஜேர்மனியின் பேர்லின் நகரில் ஹான்ஸ் என்றொரு குதிரை நின்றது. கணக்குக் கேட்டால் குளம்பால் தட்டி விடை சொல்லும் என்று பெயர் பெற்றிருந்தது. அதைப் பழக்கியவர் வோன் ஒஸ்டன் என்ற ஆசிரியர். ஒஸ்கார் பூங்ஸ்ற் என்ற ஆய்வாளர் பொறுமையாக ஆராய்ந்து, 1907இல் உண்மையை வெளிப்படுத்தினார். குதிரைக்குக் கணக்குத் தெரியாது. கேள்வி கேட்டவரின் தலையும் உடலும், சரியான எண் வந்தவுடன் அவரே அறியாமல் மிகச் சிறிதாக அசைந்தன. அந்த அசைவைக் கண்டுதான் குதிரை தட்டுவதை நிறுத்தியது.

மந்தையாக வாழும் மிருகங்கள் யாவும் இப்படித்தான். எமது முகம், தோள், நடை, மூச்சு எல்லாவற்றையும் அவை படிக்கின்றன. மாட்டுக்குக் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால், தலையைத் திருப்பாமலே தன்னைச் சுற்றி ஏறக்குறைய முழுவதையும் அது பார்க்கும். நேர் பின்னே உள்ள சிறு பகுதி மட்டும் தெரியாது. எமக்குக் கேட்காத மெல்லிய, உயர்ந்த ஒலிகளும் அதற்குக் கேட்கும். நிலத்தில் விழும் நிழல், வேலியில் ஆடும் சேலை, சேற்றில் மின்னும் தண்ணீர் ஆகியவை எமக்கு ஒன்றுமில்லை. அதற்கு அவை வெருட்சி. வாசலில் நின்றுகொண்டு உள்ளே வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும் மாட்டை அடிக்குமுன், அது எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது என்று நாமும் அந்தத் திசையில் ஒருமுறை பார்க்க வேண்டும்.

பயத்துக்கும் பாலுக்கும் உள்ள தொடர்பு புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. கறவை நேரத்தில் பசுவை வெருட்டினால் மடியில் பால் இருந்தும் இறங்காது என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 1941இலேயே எழுதிவிட்டனர். பாலை இறக்கும் சுரப்பை, பயத்தில் ஊறும் சுரப்புத் தடுத்துவிடுகிறது. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தினர் 516 பண்ணையாளரிடம் விசாரித்து 2009இல் வெளியிட்ட ஆய்வொன்று, பசுக்களுக்குப் பெயர் வைத்து அழைக்கும் பண்ணைகளில் ஒரு பசு ஆண்டுக்கு 258 லீற்றர் கூடுதலாகப் பால் தந்ததாகக் கூறியது. பெயர் பால் தராது என்பது எமக்குத் தெரியும். பெயர் வைப்பவர் அந்த மாட்டைத் தனியாக அறிந்தவர், அதுதான் செய்தி. எமது ஆச்சிமார் இலட்சுமி என்றும் சிவப்பி என்றும் கூப்பிட்டுத்தான் கறந்தார்கள்.

பிடிவாதமா, வலியா?

மூத்த மாட்டைப் பற்றிய முதல் முறைப்பாடு 'பிடிவாதம்' என்பதுதான். பழக்கத் தொடங்குமுன் வலி உண்டா என்று பார்க்க வேண்டும் என்பது எமது அழுத்தமான கருத்து.

வாயைப் பாருங்கள். ஏறக்குறைய ஐந்து வயதளவில் மாட்டின் கீழ்முன்பற்கள் எட்டும் முளைத்து நிறைந்துவிடும். அதன்பின் தேய்மானம்தான். பல் தேய்ந்து ஆடும் மாட்டால் முற்றிய புல்லையும் வைக்கலையும் சரியாக மெல்ல முடியாது. அது தின்னாமல் நிற்பது கொழுப்பால் அல்ல. குளம்பைப் பாருங்கள். நீண்டு வளைந்த குளம்பும், விரலிடையில் புண்ணும் உள்ள எருது வரம்பில் ஏற மறுக்கும். கழுத்தைப் பாருங்கள். நுகம் பட்ட இடத்தில் பழைய புண் ஆறியிருக்கலாம்; உள்ளே நோவு இருக்கலாம். கண்ணில் வெண்படலம் உண்டா என்று பாருங்கள். பார்வை குறைந்த பக்கத்தால் போய்த் தொட்டால் எந்த மாடும் உதைக்கும். காதுக்குள் உண்ணி இருந்தால் தலையில் கை வைக்க விடாது. போர் நடந்த இடங்களில் நின்ற மாடுகளின் உடலில் செல் துண்டுகள் தங்கியிருக்கவும் கூடும். இவற்றைப் பிரதேச மிருக வைத்தியரிடம் காட்டிய பின்னரே பழக்கம் தொடங்க வேண்டும். வலியோடு நிற்கும் மாட்டை எந்த அன்பாலும் பழக்க முடியாது.

மூன்று கிழமை

எமது கிராமங்களில் அனுபவமுள்ளவர்கள் செய்து வந்ததையும், கால்நடைகளின் நடத்தையை ஆராய்ந்தோர் சொல்வதையும் சேர்த்துப் பார்த்தால், வழி ஏறக்குறைய ஒன்றுதான். அதை மூன்று கிழமைகளாகப் பிரித்துச் சொல்கிறோம். சில மாடுகளுக்கு இது போதும். காட்டில் நின்று வந்தவற்றுக்கு இரண்டு மூன்று மாதமும் செல்லலாம்.

வாங்குமுன் தொடங்க வேண்டியது ஒன்று உண்டு. விற்பவரிடம் விலையை மட்டும் கேட்காதீர்கள். மாட்டின் பெயர் என்ன, 'நட' என்பதற்கும் 'நில்' என்பதற்கும் என்ன சொல்வார்கள், எருதாயின் நுகத்தில் இடப்பக்கம் நின்றதா வலப்பக்கம் நின்றதா, பசுவாயின் எந்தப் பக்கத்தால் கறந்தார்கள், கன்றை முதலில் விட்டார்களா என்று கேளுங்கள். வேறு மாவட்டத்தில் இருந்து வந்த மாட்டுக்கு வேறு சொற்கள் பழக்கம். சிங்களச் சொல்லுக்கு நடந்த எருது தமிழ்ச் சொல்லுக்கு நிற்பது அதன் குற்றமல்ல. முடிந்தால் அதன் பழைய கயிற்றையும் தண்ணீர் வாளியையும் கேட்டு வாங்கி வாருங்கள். பழைய மணம் புதிய இடத்தில் ஆறுதல் தரும்.

முதற் கிழமையில் ஒன்றும் செய்யாதிருக்கப் பழக வேண்டும். நிழலும் தண்ணீரும் உள்ள இடத்தில் கட்டுங்கள். இன்னொரு மாடு கண்ணுக்குத் தெரியும்படி கட்டினால் நல்லது. தனித்த மாடு பயந்த மாடு. காலையும் மாலையும் ஒரே நேரத்தில், ஒரே ஆள், ஒரே வாளியோடு போகட்டும். தவிடோ புண்ணாக்கோ கொஞ்சம் போதும். தூரத்திலிருந்தே பெயரைச் சொல்லிக்கொண்டு, பக்கவாட்டில் தோள் தெரியும்படி நடந்து போங்கள். ஒவ்வொரு மாட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. அதற்குள் ஆள் வந்தால் அது விலகும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் டெம்பிள் கிராண்டின் என்ற பேராசிரியை இந்த எல்லையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். மாடு தலையை உயர்த்திக் காதை எம் பக்கம் திருப்பும் இடம்தான் அந்த எல்லை. அங்கே நில்லுங்கள். அது மீண்டும் தலை தாழ்த்தித் தின்னத் தொடங்கும்வரை பொறுத்திருந்து, பின் திரும்பி வாருங்கள். நாளுக்கு நாள் அந்த எல்லை சுருங்கும்.

இரண்டாம் கிழமையில் தொடலாம். முகத்திலும் பின்பக்கத்திலும் தொடக் கூடாது. தாடையின் கீழ்ப்பகுதியிலும் கழுத்திலும் தொடங்குங்கள். மாடுகள் ஒன்றையொன்று நக்கிக் கொடுக்கும் இடம் அது. மனிதர் அங்கே தடவிக் கொடுக்கும்போது பசுக்கள் கழுத்தை நீட்டி நிற்பதையும், பின்னர் அந்த மனிதரை விட்டு விலகுவது குறைவதையும் ஒஸ்திரியாவின் வியன்னாவில் ஆராய்ந்து 2008இல் எழுதியிருக்கிறார்கள். கழுத்திலிருந்து தோள், முதுகு, வயிறு, பின் மடி அல்லது கால் என்று ஒழுங்காகப் போக வேண்டும். ஒரே நாளில் எல்லாம் வேண்டாம். மாடு விலகினால் கையை எடுத்து, ஒரு படி பின்னால் வந்து மறுபடி தொடங்குங்கள்.

மூன்றாம் கிழமையில் கயிறு. இதில் ஒரே ஒரு விதிதான் உண்டு. கயிற்றை மெல்ல இழுங்கள். மாடு ஓர் அடி எடுத்து வைத்த அந்தக் கணமே கயிற்றைத் தளர்த்துங்கள். தளர்த்துவதில்தான் அது படிக்கிறது. அடி எடுத்து வைத்த பின்னும் இழுத்துக்கொண்டே இருந்தால், நடந்தாலும் இழுப்பு, நடக்காவிட்டாலும் இழுப்பு என்று கண்டு அது நின்றுவிடும். மூக்கணாங்கயிற்றைச் சுண்டி இழுப்பவரின் மாடு மூக்குப் புண்ணாகி, கையைக் கண்டாலே தலையை வீசும். ஒரு தடவைக்குப் பதினைந்து நிமிடம் போதும். மாடு ஒன்றைச் சரியாகச் செய்தவுடன் நிறுத்திவிடுங்கள். குதிரைகளோடு பிரான்சில் செய்த ஆய்வொன்றும் 2010இல் இதையே காட்டியது: சரியாகச் செய்தபோது சிறிது தீன் பெற்றுப் பழகிய குதிரைகள் விரைவாகக் கற்றன, பல மாதங்களின் பின்னும் பாடத்தை மறக்கவில்லை, மனிதரை நாடி வந்தன.

எருதாயின், பழகிய எருது ஒன்றுக்குப் பக்கத்தில் நுகம் வையுங்கள். முதல் நாட்களில் வெறும் நுகம், பின் வெற்று வண்டில் அல்லது மரக்குற்றி, பின்னரே கலப்பை. அதிகாலையில் தொடங்கி வெயில் ஏறுமுன் அவிழ்த்துவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை

நம்பிக்கை என்பது கவனக்குறைவு அல்ல. எவ்வளவு பழகிய பசுவும் கன்று போட்ட முதல் நாட்களில் வேறு மாடாக இருக்கும். நலமடிக்காத நாம்பனுக்கு ஒருபோதும் முதுகு காட்டக் கூடாது. சிறுபிள்ளைகளைத் தனியே மாட்டோடு விடக் கூடாது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. மாடு வெருண்டு ஓடினால் கையும் போகும். வெடிச் சத்தம் கேட்டு வளர்ந்த மாடுகள் கோவில் திருவிழா வெடிக்கும் வருடப்பிறப்பு வெடிக்கும் கயிற்றை அறுத்து ஓடும். அந்த நாட்களில் உறுதியாகக் கட்டி, பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும்.

'எமக்கு நேரம் ஏது?'

இதைச் சொல்லும்போது எழும் கேள்வி நியாயமானது. கூலி வேலைக்குப் போய், தண்ணீர் சுமந்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும் ஒரு தாய்க்கு மாட்டைத் தடவிக்கொண்டு நிற்க நேரம் ஏது? குடும்பத் தலைமை முழுவதையும் தனியே சுமக்கும் பெண்கள் எமது கிராமங்களில் எத்தனை பேர்!

கணக்கைப் பார்ப்போம். ஒரு தடவைக்குப் பதினைந்து நிமிடம், நாளுக்கு இரு தடவை, இருபத்தொரு நாள். மொத்தம் 630 நிமிடம். அதாவது பத்தரை மணித்தியாலம். தீன் வைக்கவும் தண்ணீர் வைக்கவும் எப்படியும் போக வேண்டிய நேரத்தில் பெரும்பகுதி இதற்குள் அடங்கிவிடும். மறுபுறம், உதைக்கும் பசுவைக் கறக்க இரண்டு பேர் வேண்டும். கொட்டும் பால் நட்டம். அறுத்துக்கொண்டு ஓடிய மாட்டைத் தேடி அலைவது அரை நாள். அயலவர் தோட்டத்துக்குள் புகுந்தால் சண்டை. கடைசியில் 'கள்ள மாடு' என்று பெயர் சூட்டி அரை விலைக்கு விற்பது. எது செலவு என்பதை நீங்களே தீர்மானியுங்கள். உடல் பலம் குறைந்தவருக்கும் தனித்து வாழும் பெண்ணுக்கும் பலத்தால் மாட்டை அடக்க முடியாது. பழகிய மாடுதான் அவர்களுக்குப் பாதுகாப்பு.

உதவி வழங்குவோருக்கும் ஒரு சொல்

வாழ்வாதாரத் திட்டங்கள் பலவற்றில் மாடு ஒரு பொருளாகவே கணிக்கப்படுகிறது. லொறி வரும், பெயர் வாசிக்கப்படும், கயிறு கையில் கொடுக்கப்படும், படம் எடுக்கப்படும். நீண்ட தூரம் நின்றபடி வந்து, கூட்டத்தையும் சத்தத்தையும் கண்டு வெருண்ட மாடு, அன்று மாலையே புதிய ஆளின் கையில். ஆறு மாதத்தின் பின் கணக்கெடுக்க வருபவர், மாடு விற்கப்பட்டுவிட்டது என்று எழுதிக்கொண்டு போவார். குடும்பம் பொறுப்பற்றது என்ற முடிவும் அங்கே எழுதப்படும். அந்த முடிவை நாம் ஏற்கவில்லை.

எமது வேண்டுகோள் எளியது. மாட்டைக் கொடுக்குமுன், பெறப்போகும் குடும்பம் பழைய உரிமையாளரின் பட்டிக்கு இரண்டு மூன்று தடவை சென்று, தீன் வைத்து, கறந்து பார்க்கட்டும். மாரி மழையின் நடுவில் மாடு இறக்க வேண்டாம். ஒன்றாக நின்ற இரு மாடுகளை அயல் வீடுகள் இரண்டுக்குக் கொடுங்கள். கொடுத்த பின் முதல் மாதத்தில் ஆளனுப்புங்கள். ஆறாம் மாதத்தில் அல்ல. கூடிய பால் தரும் கலப்பினம்தான் வேண்டும் என்ற பிடிவாதத்தையும் விட வேண்டும். வெயிலும் வரட்சியும் குறைந்த தீனும் உள்ள இடத்தில், இரண்டு மூன்று ஈற்றுக் கண்ட, அமைதியான நாட்டுப் பசு ஒரு புதிய குடும்பத்திற்குச் சில வேளை அதிலும் ஏற்றது. அதற்குக் கறவை தெரியும்; கன்று போடத் தெரியும்; மாலையில் தரவையிலிருந்து வீட்டுக்கு வழியும் தெரியும். அறியாத குடும்பத்திற்கு அறிந்த மாடு நல்ல ஆசிரியர்.

இன்னொரு கவலையும் எமக்கு உண்டு. முகாம்களிலும் தற்காலிகக் கொட்டில்களிலும் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இன்று பெற்றோராகிவிட்டனர். காணி இன்னமும் திரும்பக் கிடைக்காமல் காத்திருப்போரும் அவர்களுள் உண்டு. தகப்பனின் பின்னால் நடந்து மாடு பழக்கக் கற்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அது அவர்களின் குறையன்று. ஆனால் வண்டில் மாடும் சவாரி மாடும் வைத்திருந்த முதியவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இன்னும் இரண்டொருவர் இருக்கின்றனர். மாட்டின் காதைப் பார்த்தே அதன் மனதைச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். அவர்களை யாரும் எதுவும் கேட்பதில்லை. திண்ணையில் இருந்து வீதியைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர்.

ஆகவே, அடுத்த கமக்காரர் அமைப்புக் கூட்டத்திலோ மாதர் சங்கக் கூட்டத்திலோ இதை ஒரு விடயமாக எடுங்கள். ஊரில் மாடு அறிந்த முதியவர் ஒருவரை அழைத்து வாருங்கள். புதிதாக மாடு வந்த வீடு ஒன்றைத் தெரிந்து, மூன்று கிழமைக்கு, கிழமையில் ஒரு நாள் அந்த வளவில் கூடுங்கள். அவர் செய்வதை இளையவர்கள் பார்க்கட்டும். பின் அவர் பார்த்திருக்க, இளையவர்கள் செய்யட்டும். இதற்கு நிதி வேண்டியதில்லை; விண்ணப்பப் படிவமும் வேண்டியதில்லை. ஒரு வாளி தவிடும், அந்த முதியவருக்கு ஒரு கோப்பைத் தேநீரும் போதும்.